கண்ணிழந்தும் கட்டம் போட்டவர்

தூண் எத்தனை சுமையில் வளையும் என்று ஒரு சூத்திரம் படிக்கிறோமே, அந்த ஆய்லரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பரீட்சை முடிந்ததும் சூத்திரத்தோடு சேர்த்து ஆளையும் மறந்துடறோம். நான் ஒரு சுடோகு பைத்தியம். அதனால் எனக்கு அவர் வேறு வகையில் சொந்தம்!

லியோனார்ட் ஆய்லர் 1707 ஏப்ரல் 15-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இருபது வயதில் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் சேர்ந்தார். முப்பது வயதைத் தாண்டியதும் வலது கண் போச்சு. 1741 முதல் 25 வருடம் பெர்லின். மறுபடி பீட்டர்ஸ்பர்க் வந்தால் இடது கண்ணில் புரை. 1771-ல் ஆபரேஷன் செய்தும் பார்வை நிலைக்கவில்லை. அதே வருடம் வீடும் தீப்பிடித்தது. வேறு ஆளாக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். இவரோ மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, மகனையும் உதவியாளர்களையும் எழுத வைத்தார்.

அந்த இருட்டில் பிறந்ததுதான் 36 அதிகாரிகள் புதிர். ஆறு படைப்பிரிவு, ஒவ்வொன்றிலும் ஆறு பதவிக்கு ஒருவர். 6க்கு 6 கட்டத்தில் நிறுத்தணும். குறுக்கேயும் சரி, நெடுக்கேயும் சரி, படைப்பிரிவோ பதவியோ இரண்டு தடவை வரக்கூடாது. முடியாது என்றே அவர் கருதினார். 10, 14, 18 கட்டங்களுக்கும் அதுவே கதி என்று ஊகித்தார். ஆறுக்கு அவர் கணிப்பு சரி. மற்றவை? 1782-ல் அச்சான அந்த ஊகத்தை 177 வருடம் கழித்து, 1959-ல் உடைத்தவர்களில் இரண்டு பேர் நம்ம நாட்டில் பிறந்த போஸும் ஸ்ரீகண்டேயும்! மூன்றாமவர் அமெரிக்கர் பார்க்கர்.

ஒரு எண் குறுக்கேயும் நெடுக்கேயும் ஒரே தடவை வரும் லத்தீன் சதுரத்தோடு 3க்கு 3 பெட்டி விதியைச் சேருங்கள், சுடோகு ரெடி.

1750-லேயே ஆய்லர் இன்னொன்றும் கண்டிருந்தார். கனசதுரத்தில் முனை 8, விளிம்பு 12, முகம் 6. எட்டில் பன்னிரண்டைக் கழித்து ஆறைக் கூட்டினால் 2. சைக்கிள் டியூப் மாதிரி ஓட்டை உள்ள உருவத்துக்கு விடை 0 என்று பிறகு தெரிந்தது. சுடோகு தாளின் மேல் ஓரத்தைக் கீழோடும், இடது ஓரத்தை வலதோடும் ஒட்டியதாக நினையுங்கள். முனை 81, கோடு 162, கட்டம் 81. கணக்குப் போட்டால் அதே பூஜ்யம்!

இந்த டியூப் சுடோகுவுக்கு ஓரமே கிடையாது. பெட்டிகளை ஒன்பது கட்டக் கோணல் துண்டுகளாக வெட்டினால், ஒரே துண்டு வலப்பக்கம் வெளியேறி இடப்பக்கம் நுழையும். மூலையைப் பிடித்துத் தொடங்குகிற வழக்கம் இங்கே செல்லாது. டிராயிங் ஷீட்டில் ஒன்று வரைந்து பாருங்க, துண்டுகளுக்குக் கலர் பென்சில் கட்டாயம் வேணும்.