மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட வாலிபர்!

போடிநாயக்கனூர் மலைச்சரிவில் பறித்த ஏலக்காயை ஸ்டோரில் உலர்த்தும் ராத்திரி, யாரும் கண்ணசர முடியாது. சூடு மீறினால் பச்சை நிறம் போச்சு, விலையும் போச்சு!

இன்று ஒரு சென்சாரும் சின்ன சர்க்யூட் போர்டும் இருந்தால், சூடு ஏறியதும் மணியடிக்கிற பெட்டியை வீட்டிலேயே செய்துவிடலாம். சில நூறு ரூபாய்தான் செலவு. இப்படிக் கழற்றி மாட்டிப் பழகும் பிள்ளைகளுக்கெல்லாம் முன்னோடி, கோவை ஜி.டி.நாயுடு.

300 ரூபாய் வண்டி

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அவ்வளவுதான், ஆசை பிடித்துக்கொண்டது! கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார்.

வாங்கியதும் ஊர் சுற்றினாரா? அதுதான் இல்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். மறுபடி பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம்!

ஒரே ஒரு பஸ்

1920-ல் பொள்ளாச்சி-பழனி இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். டிரைவரும் அவரேதான். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. மின்சார ஷேவிங் ரேசர் செய்தார். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார்.

1974-ல் நாயுடு மறைந்தார். அவர் பெயரில் கோவையில் மியூசியம் இருக்கிறது.

என்ஜினீயர் பட்டம் இல்லையே என்று தயங்கும் போடித் தம்பிகளே! பழுதான கருவியைத் தூக்கிப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் திறந்து பாருங்கள்!