முதற் பெண் நீதியரசர் அன்னா சாண்டி

எமது பழைய மாணவியர் சங்கம் 1926ஆம் ஆண்டில் ஆரம்பமானது. அதே ஆண்டில், கடலுக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், ஓர் இளம் பெண் முதுகலைப் பட்டம் பெற்றுக்கொண்டு, அடுத்து எதைப் படிப்பது என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார். அவர் தெரிவுசெய்தது சட்டம். பின்னாளில் இந்தியாவின் முதற் பெண் நீதிபதியாகவும், இந்திய மேல் நீதிமன்றமொன்றில் அமர்ந்த முதற் பெண் நீதியரசராகவும் விளங்கிய அன்னா சாண்டி அம்மையாரே அவர். சங்கத்தின் நூற்றாண்டைக் கொண்டாடும் இவ்வேளையில், எமது சங்கத்தின் தொடக்க காலத்திலேயே தம் பொது வாழ்வைத் தொடங்கிய அவரை நினைவுகூர்வது பொருத்தமென எண்ணுகிறோம்.

அன்னா 1905 மே 4ஆம் திகதி சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வளர்ந்தார். பெண் கல்வியில் முன்னின்ற சமஸ்தானம் திருவிதாங்கூர். அப்போது அங்கு ஆட்சிப் பொறுப்பில் இருந்தவரும் ஒரு பெண்ணே. மகாராணி சேது லட்சுமி பாய். ஆயினும் சட்டக் கல்லூரி ஆண்களின் இடமாகவே இருந்தது. வகுப்புக்குச் சென்ற அன்னாவைக் கேலியும் கிண்டலும் தொடர்ந்தன. அவர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கேரளப் பெண்களில் முதலாவதாகச் சட்டப் பட்டம் பெற்று, 1929இல் வழக்காடத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் திறமை மிக்கவர் எனப் பெயர் பெற்றார். பொலிஸ் அதிகாரியாகவிருந்த கணவர் பி. சி. சாண்டி அவருக்குத் துணையாக நின்றார்.

சட்டத்தொழிலில் இறங்குமுன்பே அவருடைய குரலை ஊர் கேட்டுவிட்டது. பெண்களுக்கு அரசாங்க உத்தியோகங்களில் இடம் ஒதுக்கலாமா என்பது 1928இல் திருவனந்தபுரத்தில் பெரும் விவாதமாக இருந்தது. அறிஞர் டி. கே. வேலுப்பிள்ளை, மணமான பெண்கள் உத்தியோகத்துக்குப் போனால் இல்வாழ்க்கை குலையும் என்று வாதிட்டார். அக்கூட்டத்துக்கென்றே கோட்டயத்திலிருந்து புறப்பட்டு வந்த அன்னா, மேடையேறி, அவ்வாதங்களை ஒன்றொன்றாக எடுத்து, நீதிமன்றத்தில் நிற்பவரைப் போலவே மறுத்துரைத்தார். குடும்பத்துக்கு இடர் வரும் காலத்தில் பெண்ணின் சம்பாத்தியம் கைகொடுக்கும் என்றும், அதைவிட முக்கியமாக, அது அவளுக்குச் சுயமரியாதையைத் தரும் என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

1930இல் 'ஸ்ரீமதி' என்னும் பெண்கள் பத்திரிகையைத் தொடங்கி, அதன் ஆசிரியராகவும் பணியாற்றினார். கதைகளும், வீட்டு நிர்வாகம், உடல்நலம் பற்றிய கட்டுரைகளும் அதில் வந்தன. அவற்றோடு, பெண்களின் சுதந்திரத்தைப் பற்றியும், பெண் தொழிலாளருக்குக் கூலி குறைத்துக் கொடுக்கப்படும் அநீதியைப் பற்றியும் பத்திரிகை துணிந்து எழுதியது.

அடுத்து அவர் ஸ்ரீமூலம் சபைத் தேர்தலில் இறங்கினார். போட்டியாளர்களும் பத்திரிகைகளும் அவரைத் தூற்றினர். அவருடைய கொள்கையை விட்டுவிட்டு ஒழுக்கத்தைப் பற்றி அவதூறு பரப்பினர். பொது வாழ்வுக்கு வரும் பெண்ணை மடக்க இன்றும் கையாளப்படும் ஆயுதம் இதுவே என்பதை எம்மில் பலர் அறிவோம். அவர் பின்வாங்கவில்லை. 1932 முதல் 1934 வரை சபை உறுப்பினராக இருந்தார். அதே 1932இல் எமது நாட்டிலும் நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஆனால் இலங்கையில் பெண்கள் சட்டத்தொழிலில் சேர்வதற்கு இருந்த தடை 1933இலேயே நீங்கியது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அன்னா கேட்டது சலுகையன்று, சமத்துவம். திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்படுவதில்லை. அந்த விலக்கு வேண்டாம் என்றார் அவர். உரிமையில் சமம் கேட்பவர்கள் தண்டனையில் மட்டும் தனி இரக்கம் கேட்கக்கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. மரணதண்டனையையே வெறுக்கும் எம்மிற் சிலருக்கு இது கடினமாகத் தோன்றலாம். ஆயினும் தமக்கு அனுகூலமான இடத்திலும் கொள்கையை வளைக்காத நேர்மையை எவரும் மறுக்க முடியாது.

இன்னொரு விடயத்திலும் அவர் தம் காலத்தைத் தாண்டி நின்றார். மலையாளப் பெண்களிற் பலருக்குச் சொத்தும் வாக்கும் தொழிலும் இருந்தும், தம் உடல் மீதான உரிமை எத்தனை பேருக்கு உண்டு என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். கணவன், மனைவியின் விருப்பத்தைப் பாராமலே அவள் மீது தாம்பத்திய உரிமை கோரலாம் என்னும் சட்டநிலையை எதிர்த்தார். கருத்தடை, தாய்மை நலம் பற்றிப் பெண்களுக்கு அறிவூட்டும் நிலையங்கள் நாடெங்கும் வேண்டுமென அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில் வலியுறுத்தினார். பெண்களிடையேயிருந்தே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. அதையும் அவர் ஏற்றுக்கொண்டே நடந்தார்.

1937இல் திவான் சர் சி. பி. இராமசுவாமி ஐயர் அவரை முன்சீப் பதவியில் நியமித்தார். இந்திய மண்ணில் ஒரு பெண் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தது அதுவே முதற்தடவை. முதன்முதலாக நீதிமன்றத்துள் நுழைந்தபோது தம் மனம் பதறியதை அவர் பின்னாளில் மறைக்கவில்லை. தாம் ஒரு பரீட்சைப் பொருள் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். தாம் தவறினால் தம் பதவி மட்டுமன்றி, பின்னால் வரவிருக்கும் பெண்களின் வழியும் அடைபடும் என்பதே அவருடைய கவலை. ஓர் ஆண் நீதிபதி பிழைவிட்டால் அது அவருடைய பிழை. ஒரு பெண் பிழைவிட்டால் அது பெண்குலத்தின் பிழை. எமது கல்லூரியிலிருந்து வைத்தியத்துறைக்கும் பொறியியலுக்கும் நிர்வாக சேவைக்கும் முதலாவதாகப் போன அக்காமாரும் இந்தச் சுமையைத் தூக்கியே சென்றார்கள்.

அன்னா தவறவில்லை. 1948இல் மாவட்ட நீதிபதியானார். 1959 பெப்ரவரி 9ஆம் திகதி கேரள மேல் நீதிமன்ற நீதியரசராகப் பதவியேற்று, 1967 ஏப்ரல் வரை அப்பதவியில் இருந்தார். ஓய்வுபெற்ற பின் இந்தியச் சட்ட ஆணைக்குழுவிலும் பணியாற்றினார். 1973இல் அவருடைய சுயசரிதை 'ஆத்மகதா' வெளிவந்தது. 1996 யூலை 20ஆம் திகதி, தமது 91ஆவது வயதில் அவர் காலமானார். அதே ஆண்டிலேதான் எமது நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு முதற் பெண் நீதியரசர் நியமனம் பெற்றார்.

அவர் திறந்த வழியால் வந்தவர்களில் ஒருவரை மட்டும் குறிப்பிடுகிறோம். பத்தனம்திட்டையில் வாழ்ந்த முஸ்லிம் தந்தையொருவர் அன்னா சாண்டியின் முன்னேற்றத்தைக் கண்டு, விஞ்ஞானம் படிக்க விரும்பிய தம் மகளைச் சட்டம் படிக்கும்படி ஊக்கினார். அந்த மகளே பாத்திமா பீவி. 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசரானார். பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். அவரும் அன்னாவும் ஒரே வீட்டாரல்லர், ஒரே சமயத்தவருமல்லர். ஒருவர் ஆசனத்தில் நிமிர்ந்து இருந்ததைத் தொலைவிலிருந்து பார்த்த ஒரு தகப்பனாருக்கு, தம் மகளும் அங்கே இருக்கலாம் என்ற எண்ணம் வந்தது.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் எம் சகோதரிகளே, எம்மையும் எங்கோ ஒரு சிறுமியோ அவளுடைய பெற்றோரோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எமது தொழிலிலும் எமது வீட்டிலும் நாம் எப்படி நிற்கிறோம் என்பது அவர்களுக்கும் உரிய விடயம். சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டில் காலடி வைக்கும் நாம் இதனை மறவாதிருப்போமாக.