பிராய்டின் மேசை

சிக்மண்டு பிராய்டு என்றதும் நம் நினைவுக்கு வருவன கனவும் நனவிலி மனமும்தாம். மனோதத்துவம் பயிலும் நண்பர்கள் அவருடைய கொள்கைகளை என்னைவிட நன்கு அறிவர். அவற்றை மறுப்போரும் நம்மிடையே உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். அம்மனிதர் 82-ஆம் வயதில் நாடு விட்டு நாடு சென்று குடியேறிய கதையைத்தான் சொல்லப் புகுகிறேன். வீட்டை விட்டு வந்து விடுதி அறையில் முதல் இரவைக் கழித்தவர் எவருக்கும் அது அயலார் கதையாகத் தோன்றாது.

1856-இல் மொரேவியாவில் பிறந்த பிராய்டு, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் வியன்னாவுக்கு வந்துவிட்டார். 1891 முதல் பெர்க்காசே தெருவின் 19-ஆம் எண் வீடே அவருக்கு உலகமாயிற்று. நாற்பத்தேழு ஆண்டுகள் அங்கே இருந்தார். அவருடைய நல்ல காலத்தில் அந்த வீட்டில் வாழ்க்கை கடிகாரம்போல் ஓடியது. காலை எட்டு மணிக்கு முதல் நோயாளி வருவார். ஒரு மணிக்குச் சாப்பாடு. பிறகு நகரின் வட்டச் சாலையில் விரைவான நடை. திரும்பி வந்து இரவு வரையில் மறுபடியும் நோயாளிகள். வீடு அடங்கியபின் எழுத்து. சனிக்கிழமை இரவானால் நண்பர்களுடன் சீட்டாட்டம். இவ்வளவுக்கும் நடுவே சுருட்டு ஓயாது புகையும். 1923-இல் வாயில் புற்றுநோய் கண்டது. அதன்பின் முப்பதுக்கு மேற்பட்ட முறை கத்தி வைத்தார்கள். செயற்கை அண்ணம் பொருத்தினார்கள். ஆயினும் அவர் வேலையையும் விடவில்லை, சுருட்டையும் விடவில்லை!

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. பிராய்டு யூதர். நண்பர்கள் எவ்வளவு வற்புறுத்தியும் கிழவர் இடம் பெயர இசையவில்லை. மார்ச் 22-ஆம் நாள் நாஜிகளின் இரகசியப் போலீசார் அவர் மகள் அன்னாவை விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். மாலையில் அவள் திரும்பி வரும்வரையில் தந்தை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அதன்பின் தடை சொல்லவில்லை. லண்டனிலிருந்த டாக்டர் எர்னஸ்ட் ஜோன்ஸும் பாரிஸிலிருந்த மேரி போனபார்ட் இளவரசியும் ஓடியாடி வழி செய்தனர். வெளியேறுவோர்மீது விதித்த பெருந்தொகையான வரியைக் கட்ட இளவரசி உதவினார். ஜூன் 4-ஆம் நாள் மனைவி, மகள், வேலைக்காரி பவுலா, லூன் என்னும் நாய் ஆகியோருடன் பிராய்டு ரயிலேறினார். முதுமை எய்திய நான்கு தங்கையர் வியன்னாவிலேயே தங்கினர். அவர்களுக்காகப் பணம் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

லண்டன் அவரை மன்னரைப்போல் வரவேற்றது என்றே சொல்லலாம். தெருப் பெயர் இல்லாமல், டாக்டர் பிராய்டு, லண்டன் என்று மட்டும் எழுதிய கடிதங்கள்கூடச் சரியாக வந்து சேர்ந்தன. ராயல் சொசைட்டியார், நியூட்டனும் டார்வினும் கையொப்பமிட்ட ஏட்டின் மரபில் அவருடைய கையெழுத்தையும் பெறுவதற்காக, ஜூன் 23-ஆம் நாள் ஏட்டை அவர் வீட்டுக்கே எடுத்து வந்தனர். பெருமைக்குக் குறைவேது?

குறை வேறிடத்தில் இருந்தது. எல்ஸ்வொர்த்தி சாலையில் அவர்கள் இருந்தது வாடகை வீடு. மேசை நாற்காலியெல்லாம் பிறருடையவை. நோயாளிகள் சிலர் வந்தனர். மோசேயைப் பற்றிய நூலையும் ஜூலையில் எழுதி முடித்தார். ஆயினும் எல்லாம் இரவல் இடத்தில் நடந்தன. நாயோ ஆறு மாதத் தடைக்காவலில் கிடந்தது. அதைப் போய்ப் பார்த்து வந்தார். வாழ்ந்தும் சிந்தித்தும் பழகிய மொழியை இழப்பதே குடிபெயர்ந்தவனுக்கு நேரும் பெரும் துன்பம் என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். இத்தனைக்கும் ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே வரும். வேற்று மொழி வழங்கும் ஊரில் நாள் முழுதும் பேசித் தீர்த்துவிட்டு, இரவில் ஒரு தமிழ்க் குரலுக்காக ஏங்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா?

அவர் பெரிதும் எதிர்பார்த்தது வியன்னாவில் விட்டு வந்த சாமான்களைத்தான். நாஜிகள் அனுப்புவார்களோ, பறித்துக்கொள்வார்களோ என்ற ஐயம் இருந்தது. ஆகஸ்டில் அவை வந்து சேர்ந்தன: நூல்கள், நோயாளிகள் படுக்கும் சாய்மஞ்சம், அவர் ஆயுள் முழுதும் சேர்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழம்பொருள்கள். செப்டம்பர் 8-ஆம் நாள் மறுபடியும் ஒரு கொடிய அறுவை. அம்மாதம் 27-ஆம் நாள், போர் மூளுமோ என்று லண்டன் நடுங்கிக்கொண்டிருந்த வேளையில், மேர்ஸ்பீல்டு கார்டன்ஸ் 20-ஆம் எண் வீட்டில், தம் சொந்த வீட்டில், குடிபுகுந்தார்.

அங்கே பவுலா செய்த காரியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். வியன்னாவில் அந்த மேசையை நாள்தோறும் துடைத்தவள் அவள். எந்தச் சிலைக்கு அருகில் எந்தச் சிலை நின்றது என்பதை நினைவிலிருந்தே எடுத்து, ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே வைத்தாள். அவற்றுள் நம் நாட்டிலிருந்து சென்ற ஒன்றும் உண்டு. கிரீந்திரசேகர் போஸ் தலைமையில் இயங்கிய கல்கத்தா உளப்பகுப்புச் சங்கத்தார், 1931-இல் பிராய்டின் 75-ஆம் பிறந்த நாளுக்கு அனுப்பிய தந்த விஷ்ணு அது. வியன்னாவில் அதில் வெடிப்புக் கண்டபோது, கல்கத்தாவில் பழகிய தெய்வத்துக்கு இந்த ஊர்த் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கிழவர் குறும்பாகக் குறித்து வைத்தாராம். இப்போது தெய்வமும் பக்தரல்லாத அவரும் சேர்ந்தே மற்றுமோர் ஊருக்குக் குடிவந்துவிட்டனர்!

மேசை அமைந்ததும் நாளும் அமைந்தது. தினந்தோறும் நான்கு நோயாளிகள், கடிதங்கள், பார்வையாளர்கள், ஜன்னலுக்கு வெளியே தோட்டம். டிசம்பரில் லூனும் வீடு திரும்பியது. வலி மிகுந்தபோதும் சிந்தனை மழுங்கும் என்று அஞ்சிக் கடுமையான மருந்துகளை மறுத்தார். 1939-இன் தொடக்கத்திலேயே, இனி அறுவைக்கு இடமில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதன்பின்னும் ஐந்தாறு மாதம் நோயாளிகள் வந்துகொண்டிருந்தனர். ஆகஸ்டு முதல் நாள்தான் மருத்துவத்தை நிறுத்தினார்.

படுக்கையைப் படிப்பறையிலேயே போட்டார்கள். மேசையும் தோட்டமும் கண்ணுக்குத் தெரியும்படி. புண்ணின் நாற்றத்தால் நாய் அருகே வர மறுத்தது. செப்டம்பர் 23-ஆம் நாள் உயிர் பிரிந்தது. புது வீட்டில் அவர் வாழ்ந்தது ஓராண்டுக்கும் நான்கு நாள் குறைவு. வியன்னாவில் விட்டுவந்த தங்கையர் நால்வரும் பின்னர் நாஜிகளின் முகாம்களில் மாண்டனர். அதை அறிய அவர் இல்லை.

அன்னா 1982-இல் இறக்கும் வரையில் அவ்வீட்டிலேயே வாழ்ந்தார். தந்தையின் அறையை மாற்றவில்லை. 1986 முதல் அது பொருட்காட்சி நிலையம். லண்டன் செல்லும் வாய்ப்புப் பெறும் நண்பர்கள் அந்த மேசையையும், அதன்மேல் நிற்கும் விஷ்ணுவையும் பார்த்து வரலாம்.