தங்கம் கேட்ட வாத்தியார்

மறையூர், மூணாறு வட்டாரத்தில் கால்பந்தை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை எனலாம். எஸ்டேட் அணிகள் மோதும் பின்லே கேடயப் போட்டி என்றால் மலையே மைதானத்தில் திரண்டுவிடும். கொழுந்து கிள்ளும் தாயின் மகனும், பாக்டரித் தொழிலாளியின் மகனும் முதன்முதலில் பந்தை உதைப்பது வெறுங்காலோடுதான்.

இந்திய நாட்டு அணியும் ஒரு காலத்தில் வெறுங்காலோடுதான் ஆடியது. அந்த அணிக்கு ஒழுங்கும் உத்தியும் கற்றுக்கொடுத்து, ஆசியாவிலேயே முதல் இடத்துக்குக் கொண்டு போனவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர்தான் சையது அப்துல் ரகீம். கால்பந்து உலகம் அவரை ரகீம் சாகிப் என்று அழைத்தது.

ஆட்டக்காரர் வாத்தியார் ஆனார்

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஐதராபாத்தில் ரகீம் பிறந்தார். அப்போது அங்கே நிஜாம் ஆட்சி. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது கல்லூரி அணியில் கால்பந்து ஆடினார். பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். பிறகு உடற்கல்வியிலும் பட்டயம் பெற்று, பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார்.

ஆட்டக்காரர் என்ற முறையில் அவருக்கு நாடளாவிய பெயர் கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பொறுமை அவரிடம் இருந்தது. எந்தப் பையனிடம் என்ன திறமை ஒளிந்திருக்கிறது என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் கண்ணும் இருந்தது. அந்த இரண்டும்தான் அவரைப் பெரிய பயிற்சியாளர் ஆக்கின.

ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. நிர்வாகமும் அவரே, பயிற்சியும் அவரே. அவர் நடத்திய போட்டிகள் புதுமையானவை. ஒரு போட்டியில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். முதலில் சிரித்தவர்கள் பிறகு வியந்தார்கள். ஐதராபாத் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு காலும் ஒன்றுபோல் பேசின.

ஐதராபாத் சிட்டி போலீஸ் அணியை அவர் உருவாக்கிய விதம் இன்றும் பேசப்படுகிறது. பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளே திகைத்து நின்றன.

சைக்கிள் வாடகை

ரகீம் கண்டெடுத்தவர்களில் ஒருவர் துளசிதாஸ் பலராம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து செகந்திராபாத் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பலராமின் ஆட்டத்தைப் பார்த்த ரகீம், ஐதராபாத்துக்கு வந்து பயிற்சி பெறும்படி அழைத்தார். பையனுக்கு ஆசைதான். ஆனால் தினமும் அவ்வளவு தூரம் போய்வரக் கையில் காசு இல்லை. சைக்கிள் வாடகைக்கு ஆகும் செலவை வாத்தியாரே ஏற்றுக்கொண்டார்.

அந்தச் சில்லறைக் காசு வீண்போகவில்லை. பலராம் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும், 1960 ரோம் ஒலிம்பிக்குக்கும் சென்றார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராக கோல் போட்டார். பிற்காலத்தில் ரயில்வே அணியிலும் ஆடினார். 2023-ல் அவர் மறையும்வரை, இந்தியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகவே போற்றப்பட்டார். சைக்கிள் வாடகை கிடைக்காமல் போயிருந்தால் அவர் பெயரை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

பத்து கோல் அடி

1951-ல் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இந்திய அணிக்கு ரகீம் பயிற்சியாளர். இறுதி ஆட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலில் ஈரானை வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது.

ஆனால் மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று இந்தியாவைத் தோற்கடித்தது. குளிர் நாட்டு மைதானத்தில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன்பிறகுதான் பூட்சு கட்டாயம் ஆக்கப்பட்டது.

வேறொருவராக இருந்தால் அந்தத் தோல்வியோடு ஒதுங்கியிருப்பார். ரகீம் ஒதுங்கவில்லை. வெளிநாட்டு அணிகள் ஆடும் முறையைக் கூர்ந்து கவனித்தார். அக்காலத்தில் ஹங்கேரி அணி உலகத்தையே கலக்கியது. அதன் சென்டர் பார்வர்டு முன்னால் நிற்காமல் பின்னுக்கு இறங்கி வந்து ஆட்டத்தை நடத்துவார். ரகீம் அந்த முறையை நம்மவர்களின் உடல்வாகுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார். உயரமும் எடையும் குறைந்தவர்கள் முட்டி மோதி வெல்ல முடியாது. பந்தை வேகமாகக் கைமாற்றி வெல்லலாம் என்பது அவர் கணக்கு.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அந்தக் கணக்கு பலித்தது. போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று வீழ்த்தியது. நெவில் டிசவுசா மூன்று கோல்கள் போட்டார். அரை இறுதியில் அதே யூகோஸ்லாவியா எதிரில் நின்றது. இந்தியாதான் முதல் கோல் போட்டது. கடைசியில் 4-1 என்று தோற்றாலும், நாலு வருஷத்துக்கு முன் பத்து கோல் வாங்கிய அணியா இது என்று உலகம் வியந்தது. இந்தியாவுக்கு நாலாவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் நம் நாடு எட்டிய உச்சம் அதுவே. அந்த அணியில் கோழிக்கோட்டு ரகுமானும், ஒற்றப்பாலத்தில் பிறந்த கோல் கீப்பர் நாராயணும் இருந்தார்கள் என்பது கேரளத்துக்குப் பெருமை.

ஜகார்த்தாவில் சோதனை

1962-ம் ஆண்டு இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி. ரகீமின் நுரையீரலைப் புற்றுநோய் பிடித்திருந்தது. உடல் மெலிந்து கொண்டே வந்தது. ஆனாலும் அணியை விட்டு அவர் நகரவில்லை.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று இந்தியா தோற்றது. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றது. ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று. கோல் கீப்பர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

இது போதாதென்று அரசியலும் குறுக்கே வந்தது. இஸ்ரேல், தைவான் நாட்டவரை இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அதை இந்தியரான விளையாட்டு அதிகாரி சோந்தி கண்டித்தார். ஜகார்த்தா மக்களின் கோபம் இந்தியர் அனைவர் மீதும் திரும்பியது.

அரை இறுதியில் ரகீம் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைலை வெளியே உட்கார வைக்கவில்லை. தடுப்பு வரிசையிலிருந்து எடுத்து சென்டர் பார்வர்டு இடத்தில் நிறுத்தினார். தென்வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

கேட்டது ஒரே பரிசு

இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு ஆட்டக்காரர்களுக்குத் தூக்கம் வரவில்லை. ரகீம் அவர்களைக் கூட்டி உட்கார வைத்தார். நீண்ட உபதேசம் எதுவும் செய்யவில்லை. நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம் என்று மட்டும் கேட்டார். வாத்தியாரின் உடல்நிலையைக் கண்ணெதிரே பார்த்துக் கொண்டிருந்த பிள்ளைகள் கண் கலங்கினார்கள்.

செப்டம்பர் 4-ந் தேதி. மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். நம் நாட்டுப் பண் இசைத்தபோதுகூடக் கூச்சல் ஓயவில்லை. எதிரணி, முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே தென்கொரியா.

காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜ் கோலைக் காத்தார். கேரளத்து இரிங்ஞாலக்குடாவைச் சேர்ந்த சந்திரசேகரன் தடுப்பு வரிசையில் நின்றார். 17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி முதல் கோல் போட்டார். 20-வது நிமிடத்தில் தலைக்கட்டோடு நின்ற ஜர்னைல் இரண்டாவது கோல் போட்டார். கொரியா கடைசி நேரத்தில் ஒரு கோல் மட்டுமே திருப்ப முடிந்தது. வாத்தியார் கேட்ட தங்கம் கிடைத்தது.

ஒன்பது மாதம்

அந்த வெற்றிக்குப்பின் ரகீம் ஒன்பது மாதமே உயிர் வாழ்ந்தார். 1963-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி தமது 53-வது வயதில் காலமானார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது ஏற்பட்டதே 1985-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. அவர் கதையைச் சொல்லும் மைதான் என்ற இந்திப் படமும் 61 ஆண்டுகள் கழித்து, 2024-ல்தான் வந்தது.

ஆனால் அவருடைய மாணவர்கள் இருந்தார்கள். பி.கே.பானர்ஜி பிற்காலத்தில் நாடறிந்த பயிற்சியாளர் ஆனார். ரோம் ஒலிம்பிக் அணியில் ரகீமிடம் பயின்ற தமிழர் சைமன் சுந்தர்ராஜ்தான், 1973-ல் கேரளம் முதன்முறையாக சந்தோஷ் டிராபியை வென்றபோது அதன் பயிற்சியாளர். ஐதராபாத் வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரு தமிழர் வழியாகக் கேரளத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் 1962-க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைக்கவே இல்லை. திறமையுள்ள பையன்கள் அன்றும் இருந்தார்கள். இன்றும் எஸ்டேட் மைதானங்களில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனைப் பார்த்தவுடன் கண்டுகொண்டு, சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுக்க ஒரு ரகீம்தான் வேண்டும்.