குதிரை எதுக்குப் பயந்தது?

மாவீரன் அலெக்சாண்டர்னு சொன்னா எல்லாருக்கும் போர்தான் ஞாபகம் வரும். எனக்கு அவரோட குதிரைதான்.

அவர் கி.மு. 356-ல் மாசிடோனியாவில் பெல்லா நகரில் பிறந்தார். அப்பா மன்னர் இரண்டாம் பிலிப். தெசலி வியாபாரி ஒருவன் 13 தாலந்து விலை சொல்லி ஒரு குதிரையைக் கொண்டு வந்தான். அது யாரையும் ஏறவிடலை, கிட்டப் போனாலே துள்ளியது. திருப்பி அனுப்பச் சொல்லிட்டார் மன்னர். தான் அடக்குவதாகவும், தோற்றால் முழு விலையையும் தருவதாகவும் பந்தயம் கட்டினான் சிறுவன் அலெக்சாண்டர். எல்லாரும் சிரிச்சாங்க.

குதிரை தன் நிழலைப் பார்த்துத்தான் மிரளுதுன்னு அவன் கண்டுபிடிச்சான். அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பினான். நிழல் பின்னால போயிடுச்சு. தடவிக் கொடுத்துக்கிட்டே கூட ஓடினான். மேலாடையை மெதுவா நழுவவிட்டுத் தாவி ஏறினான். அடிக்கலை, கடிவாளத்தை வெடுக்குன்னு இழுக்கலை. பயம் தெளிஞ்ச பிறகுதான் வேகமா ஓட விட்டான். மகன் திரும்பி வர்ற வரைக்கும் மன்னருக்கு உயிரே இல்லை. வந்ததும் சந்தோஷத்தில் அழுதாராம். இதை புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதி வச்சிருக்கார்.

(எங்க வீட்டுக் கன்னுக்குட்டி குடையைக் கண்டா மிரளும். அதுக்காக நான் அதை அடிச்சிருக்கேன்.)

புசிபேலஸ் என்ற அந்தக் குதிரை பல போர்களில் அவரைச் சுமந்தது. நம்ம நாட்டு மன்னர் போரஸோடு ஜீலம் நதிக்கரையில் கி.மு. 326-ல் நடந்த போருக்குப் பிறகு இறந்தது. அங்கேயே அதன் பேரில் ஒரு நகரம் அமைத்தார் அலெக்சாண்டர். கி.மு. 323-ல் பாபிலோனில் அவரும் இறந்தார். வயசு 32தான்.