இமாம் கஸ்ஸாலி (ரஹ்): நாவு பூட்டிக்கொண்ட நாட்கள்

ஜுமுஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் சிலர் பள்ளியின் தூண் ஓரமாகக் காத்து நிற்பார்கள். மற்றவர்கள் போகட்டும் என்று பார்த்திருந்து, பிறகு மெல்ல அருகில் வந்து அமர்வார்கள். இரவில் தூக்கம் வருவதில்லை என்பார்கள். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, கை கால் மரத்துப்போகிறது, இந்த நிமிடமே மவுத்தாகிவிடுவோம் என்று தோன்றுகிறது என்பார்கள். இசிஜி எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்கிறார்களாம். கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்பார்கள்: நமக்கு ஈமான் பலவீனமாகிவிட்டதா?

இந்தக் கேள்வியை நாம் பலமுறை கேட்டுவிட்டோம். கேட்பவர்களில் ஐவேளை ஜமாஅத்தைத் தவறவிடாதவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் பதிலாகச் சொல்வது ஒரு பெரியவரின் வாழ்க்கையைத்தான். அவருடைய பெயரைச் சொன்னால் ஈமான் பலவீனம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. அவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூஹாமித் முஹம்மது அல்கஸ்ஸாலி (ரஹ்).

தூஸ் நகரத்துச் சிறுவன்

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராசான் நாட்டின் தூஸ் பகுதியில் இமாம் அவர்கள் பிறந்தார்கள். இன்று அது ஈரானில் இருக்கிறது. தந்தை கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவருக்குப் படிப்பில்லை, ஆனால் ஆலிம்களின் சபையில் அமர்ந்து அழுகிற உள்ளம் இருந்தது. மரணம் நெருங்கியபோது தம் இரு பிள்ளைகளான முஹம்மதையும் அஹ்மதையும் ஸூஃபியான ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். கையில் இருந்த சொற்பப் பணத்தை இவர்களின் படிப்புக்கே செலவழித்துவிடும்படி வஸிய்யத் செய்தார். பணம் தீர்ந்ததும் அந்த நண்பர், தம்மிடமும் ஒன்றுமில்லை, மத்ரஸாவில் சேர்ந்தால் உணவாவது கிடைக்கும் என்று பிள்ளைகளை அனுப்பிவைத்தார். பின்னாளில் இமுமத்தே போற்றிய அறிவுப் பயணம் அப்படிச் சோற்றுக்காகத்தான் தொடங்கியது.

தூஸிலும் ஜுர்ஜானிலும் ஓதிய பிறகு, நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார்கள். ஹிஜ்ரி 478இல் ஆசிரியர் மறையும்வரை அவர்களுடனேயே இருந்தார்கள். அதன்பின் ஸல்ஜூக்கிய அரசின் புகழ்பெற்ற அமைச்சர் நிழாமுல் முல்கின் அவைக்குச் சென்றார்கள். அங்கே கூடியிருந்த மேதைகளோடு விவாதித்து வென்றார்கள். ஹிஜ்ரி 484இல் (1091) அமைச்சர் அவர்களைப் பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவுக்குத் தலைமைப் பேராசிரியராக நியமித்தபோது அவர்களுக்கு வயது சுமார் 33.

அந்தப் பதவியை இன்றைய பதவிகளோடு ஒப்பிட முடியாது. 300 மாணவர்கள் அவர்கள் முன் அமர்ந்து பாடம் கேட்டார்கள். கலீஃபாவின் அரண்மனையில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பிருந்தது. பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் தத்துவ நூல்களைத் தாமாகவே படித்து, தத்துவவாதிகளை மறுத்து நூலும் எழுதினார்கள்.

வெளியே புகழ், உள்ளே புயல்

இந்த உச்சியில் இருந்தபோதுதான் இமாம் அவர்களுக்கு அது நடந்தது. நமக்கு இதை வேறு யாரும் சொல்லவில்லை. ‘அல்முன்கிது மினள் ளலால்’ என்ற தம் நூலில் அவர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

காலமும் அமைதியாக இல்லை. 1092இல் நிழாமுல் முல்க் கொல்லப்பட்டார். சில வாரங்களில் சுல்தான் மலிக் ஷாவும் இறந்தார். வாரிசுகளுக்குள் சண்டை மூண்டது. ஆனால் இமாம் எழுதுவது வெளியே நடந்த குழப்பத்தை அல்ல, தம் உள்ளத்தைத்தான். இந்தப் பாடமெல்லாம் யாருக்காக என்று தம்மைத்தாமே கேட்டுப் பார்த்தார்கள். நிய்யத்தில் அல்லாஹ்வின் திருப்தியைவிடப் புகழாசை மேலோங்கியிருப்பதாகக் கண்டார்கள். பக்தாதை விட்டுப் போய்விடுவது என்று ஒருநாள் முடிவெடுப்பார்கள், மறுநாள் அந்த முடிவைக் கலைப்பார்கள். காலையில் உறுதியாக இருக்கும் மனம் மாலைக்குள் தளர்ந்துவிடும்.

ஹிஜ்ரி 488, ரஜப் மாதத்தில் (1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இந்த இழுபறி நீடித்தது. இறுதியில் உடல் அதைத் தாங்கவில்லை. நாவு பூட்டிக்கொண்டது. மாணவர்களின் மனம் நோகக் கூடாதே என்று ஒருநாளாவது பாடம் நடத்த முயன்றார்கள். ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. உள்ளத்தில் துக்கம் அடைத்தது. உணவு இறங்கவில்லை. ஒரு மிடறு நீரைக்கூட விழுங்க முடியவில்லை, ஒரு கவளம்கூட செரிக்கவில்லை. உடல் மெலிந்துகொண்டே போனது.

மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். மருந்தில் நம்பிக்கை இழந்தார்கள். நோய் உள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து உடலுக்குப் பரவியிருக்கிறது, மனக்கவலை தணியாதவரை சிகிச்சைக்கு வழியில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 900 ஆண்டுகளுக்கு முன்பு பக்தாதின் மருத்துவர்கள், நோய் இல்லை, நடிக்கிறார் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளமும் உடலும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த அறிவு அந்த மண்ணில் முன்பே வேரூன்றியிருந்தது. இமாமுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு ஹிஜ்ரி 322), உடல்நலத்துக்கு ஒரு பாகமும் மனநலத்துக்கு ஒரு பாகமுமாக ஒரு நூலே எழுதினார். கோபம், அச்சம், துக்கம், ஊசலாட்ட எண்ணங்கள் என்று தனித்தனியாகப் பிரித்து அதில் விளக்கினார். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பதுபோல, மனம் நலமாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவருடைய அறிவுரை.

ஊர் என்ன பேசியது?

இமாமுக்கு நேர்ந்தது இன்ன நோய் என்று இன்றைய மருத்துவப் பெயரைச் சூட்டுவது நம் வேலையல்ல. ஆனால் அன்று ஊர் பேசிய பேச்சு நமக்கு நன்றாகவே புரிகிறது. இவ்வளவு பெரிய பதவியை ஒருவர் மார்க்கத்துக்காக விடுவார் என்பதைப் பலரால் நம்ப முடியவில்லை. தூரத்தில் இருந்தவர்கள், ஆட்சியாளர்களுக்குப் பயந்து ஓடுகிறார் என்றார்கள். ஆட்சியாளர்களின் அருகில் இருந்தவர்கள், அவர்களே இவரைப் போகவிடாமல் மன்றாடுவதைக் கண்டு, ஆலிம்கள் கூட்டத்தின் மேல் விழுந்த கண்ணேறு என்றார்கள்.

இன்றும் இதுதானே நடக்கிறது? பிள்ளை பரீட்சைக்கு முன்பு நடுங்கினால் கண்ணூறு என்கிறோம். பிரசவித்த பெண் தூக்கமின்றி அழுதால் ஜின் என்கிறோம். வெளிநாட்டிலிருந்து வேலையிழந்து திரும்பியவர் அறையைப் பூட்டிக்கொண்டால் சோம்பேறி என்கிறோம். கண்ணேறு உண்மை என்பது நம் நம்பிக்கை. ஓதிப் பார்ப்பதும் ஆகுமானது. ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்கி, தர்ஹா தர்ஹாவாகவும் தாயத்துக்காரர்களிடமும் அலைந்து மாதங்களை வீணடிப்பதற்கு மார்க்கம் பொறுப்பல்ல.

இமாம் என்ன செய்தார்கள்?

தம்மால் இனி முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டார்கள். வழியெல்லாம் அடைபட்டவன் கையேந்துவதைப் போல அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். அதற்குப் பிறகு பதவியையும் செல்வத்தையும் விடுவது தமக்கு இலேசாகிவிட்டது என்று எழுதுகிறார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிடவில்லை. தம் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தபோது, பிள்ளைகளின் வாழ்வுக்குத் தேவையானதை ஒதுக்கிவைத்தார்கள். நிழாமிய்யாவில் பாடம் நின்றுபோகாமல் தம் சகோதரர் அஹ்மதைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். ஹிஜ்ரி 488, துல்கஅதாவில் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள்.

திமிஷ்கில் சுமார் இரண்டு ஆண்டுகள் தங்கியதாக எழுதுகிறார்கள். அங்குள்ள பெரிய பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தனித்திருப்பார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலம் இருக்கும் ஹெப்ரோனில் மூன்று உறுதிகளை எடுத்தார்கள்: அரசர்களிடம் போவதில்லை, அவர்கள் பணத்தை வாங்குவதில்லை, விவாத மேடை ஏறுவதில்லை. தம்மை நோயாக்கியது எது என்று கண்டு, அதை வாழ்விலிருந்தே அகற்றினார்கள் என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். பின்னர் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். பிள்ளைகளின் அழைப்பும் வீட்டின் நினைவும் அவர்களைச் சொந்த ஊருக்குத் திரும்ப வைத்தன.

ஊர் திரும்பியபின் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. குடும்பத் தேவைகளும் காலத்தின் சோதனைகளும் தனிமையின் தெளிவைக் கலைத்துக்கொண்டே இருந்தன என்றும், மனத்தெளிவு அவ்வப்போதுதான் வாய்த்தது என்றும், ஆனாலும் நம்பிக்கை இழக்காமல் அதற்கே திரும்பிக்கொண்டிருந்ததாகவும் எழுதுகிறார்கள். நலம் பெற்றுவரும் நம் சகோதர சகோதரிகள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு மாதம் நன்றாகத் தூங்கிவிட்டு மறுபடி ஓர் இரவு விழித்திருந்தால், எல்லாம் வீண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

அந்த ஆண்டுகளில்தான் 40 கிதாபுகள் அடங்கிய ‘இஹ்யா உலூமித்தீன்’ உருவானது. ஹிஜ்ரி 499, துல்கஅதாவில், பக்தாதை விட்டு 11 ஆண்டுகள் கழித்து, நல்லடியார்கள் பலரிடம் மஷூரா செய்தபின் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தச் சென்றார்கள். முன்பு புகழைத் தேடித்தரும் அறிவைக் கற்பித்தேன், இப்போது புகழை விடச் செய்யும் அறிவைக் கற்பிக்கிறேன் என்பது அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம். கடைசிக் காலத்தில் தூஸில் வீட்டருகே மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கான கான்காவும் அமைத்து, ஹதீஸ் கிதாபுகளில் மூழ்கினார்கள். ஹிஜ்ரி 505, ஜுமாதல் ஆகிர் 14 (18 டிசம்பர் 1111), திங்களன்று அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார்கள்.

நமக்குள்ள பாடம்

வேலையை விட்டுவிட்டு மினாராவில் போய் அமருங்கள் என்பதல்ல இதன் பாடம். இமாமின் சூழல் வேறு, நம் சூழல் வேறு. ஆனால் இஹ்யாவில் அவர்கள் எழுதியவை நமக்கும் பொருந்தும். மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்றார்கள். எல்லோரும் ஃபிக்ஹுக்கே ஓடுகிறார்களே, ஊரில் ஒரு முஸ்லிம் மருத்துவர்கூட இல்லையே என்று வருந்தினார்கள். மருந்து உண்பது தவக்குலுக்கு முரண் அல்ல என்றும் தெளிவாக்கினார்கள். அப்படியிருக்க, மனநல மருத்துவரிடம் போவதை மட்டும் நாம் ஏன் வெட்கமாகக் கருதுகிறோம்?

தூக்கத்தின் ஒழுக்கங்களையும் இஹ்யாவில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஒளூவுடன் வலப்பக்கம் சாய்ந்து படுப்பது, யார் மீதும் பகையில்லாமல் உள்ளத்தைத் துடைத்துக்கொள்வது, பாவங்களுக்குத் தவ்பாச் செய்வது ஆகியவற்றோடு, தூக்கம் மிகைக்கும்வரை படுக்காதே, அதை வலிந்து வரவழைக்காதே என்றும் சொல்கிறார்கள். உறக்கம் வராதவர்களுக்கு இன்றைய மருத்துவர்கள் தரும் யோசனையும் இதுவே: கண் சொருகும்போது படுக்கைக்குப் போங்கள், வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமைதியாக அமர்ந்திருங்கள், காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஃபஜ்ருக்கு எழுகிற சமுதாயத்துக்கு இந்தக் கடைசி யோசனை கடினமல்ல. இஷாவுக்குப் பிறகு டீயையும் செல்போனையும் விடுவதுதான் கடினம்.

திடீர்ப் படபடப்பு முதன்முறை வந்தால் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். இதயத்தில் குறையில்லை, இது பதற்றம்தான் என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, அது மீண்டும் வரும்போது ஓர் உண்மையை நினைவில் வையுங்கள்: அது பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்கிவிடும். அமர்ந்து, மெதுவாக மூச்சை விட்டபடி, நாவில் பழகிய ஒரு திக்ரைச் சொல்லிக்கொண்டிருங்கள். அடிக்கடி வந்தால் சிகிச்சை உண்டு. யாரிடம் போவதென்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மனஸ் 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றிரவே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிடுங்கள்.

வீட்டார்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாடம் நடத்த முடியாமல் போன இமாமை நிழாமிய்யா துரத்திவிடவில்லை. அவர்களுக்குப் பதிலாக ஒரு சகோதரர் அந்த இடத்தில் வந்து அமர்ந்தார். உங்கள் வீட்டில் ஒருவர் தளர்ந்தால், சில காலம் அவருடைய சுமையை நீங்கள் ஏந்துங்கள். தூண் ஓரமாகக் காத்து நிற்பவர்களுக்கு நாம் சொல்லும் பதிலும் இதுதான்: இஸ்லாத்தின் சான்று என்று உம்மத்து யாரைப் போற்றுகிறதோ, அவர்களுக்கே நாவு பூட்டிக்கிடந்தது. அல்லாஹ் அதை மறுபடியும் திறந்துவிட்டான்.

உறங்க முடியாத கண்களுக்கு உறக்கத்தையும், கலங்கிய உள்ளங்களுக்கு அமைதியையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.