70 நாள் இடைவெளியில் சாதனை, 19 ஆண்டு கழித்து அங்கீகாரம்: யார் இந்த சுபாஷ் முகோபாத்யாய்?

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் இன்னைக்கு ஒரு கருத்தரிப்பு மையத்தின் போர்டு கண்ணில் படும். ஐவிஎஃப், எம்ப்ரியோ ஃப்ரீசிங் போன்ற வார்த்தைகள் ஆபீஸ் லஞ்ச் டேபிளில்கூட சாதாரணமாக வந்துபோகின்றன. ஹார்மோன் ஊசி போட்டு கருமுட்டைகளை வளர வைப்பது, அவற்றை வெளியே எடுத்து கருவாக்குவது, அந்தக் கருவை உறையவைப்பது, பிறகு உடம்பு இயல்புக்குத் திரும்பிய ஒரு மாதத்தில் கர்ப்பப்பையில் வைப்பது என்று பல ஜோடிகள் இந்த வழியில்தான் பெற்றோர் ஆகிறார்கள்.

இது அத்தனையும் சேர்த்து 1978லேயே செய்து காட்டியவர், மேற்கு வங்க அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த ஒரு பேராசிரியர். பெயர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். முகர்ஜி என்றும் எழுதுவார்கள். அப்போது அவருக்கு வயது 47. அடுத்த மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் அவர் உயிரோடு இல்லை.

இரண்டு பிஎச்டி, ஒரே தேடல்

1931 ஜனவரி 16 அன்று, இப்போதைய ஜார்க்கண்டில் உள்ள ஹசாரிபாகில் பிறந்தவர் சுபாஷ். கல்கத்தா நேஷனல் மெடிக்கல் காலேஜில் 1955இல் எம்பிபிஎஸ் முடித்தார். கிளினிக் போட்டு உட்கார்ந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனா அவர் போனது ஆராய்ச்சிப் பக்கம். 1958இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியலில் பிஎச்டி. அது போதாதென்று பிரிட்டன் போய், எடின்பரோவில் ஜான் லொரெய்ன் என்ற ஹார்மோன் நிபுணரிடம் 1967இல் இரண்டாவது பிஎச்டி.

எடின்பரோவில் அவர் வேலை பார்த்தது எல்ஹெச் என்ற ஹார்மோனை அளவிடும் முறையில். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவரப் போகிறது என்பதற்கு உடம்பு கொடுக்கும் சிக்னல் இது. இன்னைக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் தேடுவதும் இதே ஹார்மோனைத்தான்.

அங்கேயே தங்கிவிடாமல் 1967இல் ஊர் திரும்பி, என்ஆர்எஸ் மெடிக்கல் காலேஜில் பாடம் எடுத்தார். பிறகு பாங்குராவுக்கு மாற்றல். கொல்கத்தாவிலிருந்து ரயிலில் பல மணி நேரப் பயணம். வேலை அங்கே, ஆராய்ச்சியும் வீடும் கொல்கத்தாவில். மனைவி நமிதா ஆசிரியை.

அந்த 53 நாள்

சுபாஷிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு கருக்குழாய்களும் பாதிக்கப்பட்டிருந்தன. இயல்பான கருத்தரிப்பில் முட்டையும் விந்தணுவும் சந்திக்கும் இடமே கருக்குழாய்தான். அந்த வழி அடைபட்டால், வெளியே சந்திக்க வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இதே நேரத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ இருவரும் இதற்காகப் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஹார்மோன் ஊசி போட்டு அவர்கள் செய்த முயற்சிகள் தோல்வியடைந்ததால், கடைசியில் அதைக் கைவிட்டு, அந்த மாதம் உடம்பு தானாக உருவாக்கும் ஒரே ஒரு முட்டையை நம்பினார்கள். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் துளையிட்டு லேப்ரோஸ்கோப் வழியாக அந்த முட்டையை எடுத்தார்கள். அப்படித்தான் 1978 ஜூலை 25 அன்று உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார்.

சுபாஷ் போனது வேறு ரூட். அவர் ஹெச்எம்ஜி என்ற ஹார்மோன் ஊசியைப் பயன்படுத்தி ஒரே மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை வளர வைத்தார். வயிற்றைத் தொடாமல், பிறப்புறுப்பு வழியாகச் சிறிய கீறல் போட்டு அவற்றை எடுத்தார். விந்தணுவோடு சேர்த்து, எட்டு செல் அளவுக்கு கரு வளர்ந்ததும் அதை உறையவைத்தார்.

ஏன் உறையவைக்க வேண்டும்? உடனே கர்ப்பப்பையில் வைத்தால் என்ன? இங்கேதான் இரண்டு பிஎச்டி வேலை செய்கிறது. ஹார்மோன் ஊசி முட்டைகளை மட்டும் தூண்டுவதில்லை, கர்ப்பப்பையின் உள்சுவரையும் மாற்றிவிடும். அந்த நேரத்தில் கருவை வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறையலாம். அதனால் கருவைப் பத்திரமாக வைத்துவிட்டு, ஊசியின் தாக்கம் போகட்டும் என்று காத்திருந்தார். 53 நாள் கழித்து, ஊசி எதுவும் இல்லாத ஒரு இயல்பான மாதத்தில் கருவை உள்ளே வைத்தார்.

சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தே குழந்தையை உருவாக்கிவிட்டார் என்று சில பதிவுகள் ஷேர் ஆகின்றன. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா வீட்டு ஃப்ரிட்ஜில் மனிதக் கரு 53 நாள் தாங்காது. உறையவைக்கும் பொறுப்பைப் பார்த்துக்கொண்டவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுனித் முகர்ஜி, குளிர்நிலை அறிவியலில் நிபுணர். செல்லுக்குள் பனித்துகள் உருவாகி அதைக் கிழித்துவிடாமல் இருக்க டிஎம்எஸ்ஓ என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா மூன்றாவது ஆள். பெரிய லேப் இல்லை என்பது உண்மை. சரியான மூன்று பேர் இருந்தார்கள் என்பதும் உண்மை.

அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் கொல்கத்தா பெருவெள்ளத்தில் தத்தளித்தது. தண்ணீர் வடிந்தும் வடியாமலும் இருந்த நேரம், துர்கா பூஜை நெருங்கும் நாள். அக்டோபர் 3 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகம் அந்தக் குழந்தையை அறிந்த பெயர் துர்கா. லூயிஸ் பிரவுனுக்கும் துர்காவுக்கும் இடையே வெறும் 70 நாள்.

சந்தேகப்பட்டது தப்பா?

இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலகிலேயே ஒரு முறைதான் நடந்திருந்த ஒரு விஷயத்தை, கொல்கத்தாவில் செய்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் ஆதாரம் கேட்பதுதான் அறிவியல். சுபாஷ் தரப்பிலும் பலவீனங்கள் இருந்தன. முழு விவரங்களோடு ஒரு பெரிய ஆய்விதழில் கட்டுரை வருவதற்கு முன்பே செய்தி பத்திரிகைகளுக்குப் போய்விட்டது. இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரையோஜெனிக்ஸ் என்ற இதழில் 1978இல் ஒரு சுருக்கமான குறிப்புதான் வெளியானது. ஊர் என்ன பேசுமோ என்ற பயத்தில் குழந்தையின் குடும்பம் தங்கள் அடையாளத்தை வெளியிட விரும்பவில்லை. அவர் அதை மதித்தார். அதனால் அவருடைய மிகப் பெரிய ஆதாரத்தை அவரால் மேடையில் நிறுத்த முடியவில்லை.

தப்பு நடந்தது அதற்கு அடுத்த கட்டத்தில். 1978 இறுதியில் மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் ரேடியோ இயற்பியல் பேராசிரியர். கருவியல், ஹார்மோன், உறைநிலை ஆராய்ச்சி என்று அந்தக் கேஸுக்குத் தேவைப்பட்ட துறைகளில் ஆழ்ந்த அனுபவம் உள்ளவர்கள் அந்தக் குழுவில் இல்லை. சுபாஷின் வாதம் நம்பத்தகுந்ததல்ல என்ற முடிவுக்குக் குழு வந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட அவர் வேறு இடத்தில் போய் நிரூபித்திருப்பார். 1979இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. தன் ஆய்வை, அந்தத் துறை தெரிந்தவர்கள் முன்னால் வைக்கக் கிடைத்த வாய்ப்பு. அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு போக அனுமதி தேவை. அனுமதி கிடைக்கவில்லை. ஆதாரம் போதவில்லை என்று சொன்ன அதே அமைப்பு, ஆதாரத்தைக் கொண்டுபோய்க் காட்டும் வழியையும் மூடியது.

47 வயசு என்பது ஆராய்ச்சியாளருக்கு ஒரு சிக்கலான வயசு. இளம் விஞ்ஞானி விருதுக்கான வயது தாண்டியிருக்கும். இந்திய அறிவியலில் பெரிதாகப் பேசப்படும் பட்நாகர் பரிசுக்கே 45தான் வரம்பு. வாழ்நாள் சாதனையாளர் பட்டியலுக்கு இன்னும் 20 வருஷம் காத்திருக்க வேண்டும். கைநிறைய அனுபவமும், செய்து முடிக்க வேண்டிய வேலையும் இருக்கிற இந்த நடுப்பகுதியில் ஒருவருக்குத் தேவைப்படும் அங்கீகாரம் மெடல் இல்லை. ஒரு லேப், பயணம் போக லீவு, சந்தேகத்தோடாவது உட்கார்ந்து டேட்டாவைப் படிக்கும் நாலு பேர்.

எட்வர்ட்ஸுக்கும் ரோஜாப்பூ பாதை இல்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1971இல் அவர் குழுவுக்கு நிதி தர மறுத்தது. ஆனா தனியார் நன்கொடை கிடைத்தது, வேலை நிற்கவில்லை. 1980இல் அவரும் ஸ்டெப்டோவும் போர்ன் ஹால் என்ற கிளினிக்கையே தொடங்கினார்கள். 2010இல் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நஷ்டம் யாருக்கு?

இதை ஒரு விஞ்ஞானியின் சோகக் கதையாக மட்டும் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஹார்மோன் ஊசி மூலம் பல முட்டைகளை வளர்த்து ஐவிஎஃப் செய்யும் முறை அமெரிக்காவில் வெற்றி பெற்றது 1981இல். உறைந்த கருவிலிருந்து கர்ப்பம் என்று ஆஸ்திரேலியக் குழு அறிவித்தது 1983இல், அந்த வழியில் அங்கே குழந்தை பிறந்தது 1984இல். வயிற்றில் துளை போடுவதற்குப் பதிலாக, ஸ்கேன் பார்த்துக்கொண்டே பிறப்புறுப்பு வழியாக முட்டை எடுக்கும் முறை எண்பதுகளின் நடுப்பகுதியில்தான் பரவியது.

கருவை உறையவைக்க முடிந்தால், ஒவ்வொரு முயற்சிக்கும் ஊசி, மயக்க மருந்து, முட்டை எடுப்பு என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. அந்த வலியைத் தாங்குவது பெண்ணின் உடம்புதான். அதைக் குறைக்கும் யோசனை 1978இல் கொல்கத்தாவில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. குழந்தை இல்லை என்பதற்குப் பெண்ணை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய ஒரு சமூகத்தில், அந்த நோட்டு அப்படியே மூடிக் கிடந்தது.

கண் மருத்துவமனைக்கு ஒரு ஹார்மோன் நிபுணர்

இடையில் சுபாஷுக்கு மாரடைப்பு வந்தது. 1981 ஜூனில் மறுபடியும் மாற்றல், இந்த முறை கொல்கத்தாவின் ரீஜனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆப்தால்மாலஜிக்கு. பதவி எலக்ட்ரோபிசியாலஜி பேராசிரியர். வாழ்நாள் முழுக்கக் கருத்தரிப்பைப் படித்தவருக்குக் கண் மருத்துவ நிறுவனத்தில் என்ன வேலை என்று இன்றுவரை யாரும் விளக்கியதில்லை.

1981 ஜூன் 19 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அவருக்கு என்ன நடந்தது என்பது ஆவணங்களில் இருக்கிறது.

எழுத்தாளர் ரமாபத சௌதுரி இதை வைத்து ‘அபிமன்யு’ என்ற வங்க நாவலை எழுதினார். அதை இயக்குநர் தபன் சின்ஹா 1990இல் ‘ஏக் டாக்டர் கி மௌத்’ என்று இந்திப் படமாக எடுத்தார். பங்கஜ் கபூர் நடித்த அந்தப் படத்தில் டெஸ்ட் டியூப் குழந்தை கிடையாது, தொழுநோய்த் தடுப்பூசி. ஆனாலும் யாருடைய கதை என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர்

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கேஇஎம் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை என்று நாடே கொண்டாடியது. அதன் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார், மருத்துவர் இந்திரா ஹிந்துஜா. முறையாக ஆவணப்படுத்திய சாதனை அது, யாரும் குறை சொல்ல முடியாது.

1997இல் கொல்கத்தா போன ஆனந்த் குமாரிடம், சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகளும் கடிதங்களும் வந்து சேர்ந்தன. நமிதா இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த காகிதங்கள். ஆனந்த் குமார் உட்கார்ந்து படித்தார். குழந்தையின் பெற்றோரிடமும் பேசினார். இந்தத் துறையில் இந்தியாவில் அவரைவிட நன்றாக அந்தக் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் அப்போது மிகக் குறைவு. 1978இல் அமைத்த குழுவில் இருந்திருக்க வேண்டிய ஆள் இவர் மாதிரி ஒருவர்தான்.

படித்து முடித்தவர் 1997 ஏப்ரலில் கரன்ட் சயின்ஸ் இதழில் கட்டுரை எழுதினார். இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ் முகோபாத்யாய்தான், தான் இல்லை என்று அதில் பதிவு செய்தார். 11 வருஷமாகத் தன் பெயரோடு ஒட்டியிருந்த பட்டத்தை, இறந்துபோன ஒருவருக்குத் தானாக எடுத்துக் கொடுப்பது அறிவியல் உலகில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லைங்க. அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சுபாஷின் பங்களிப்பை ஏற்றுக்கொண்டது.

2003 அக்டோபர் 3. தன் 25வது பிறந்தநாளில் துர்கா முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரோடு பொதுவெளியில் வந்தார், தான்தான் அந்தக் குழந்தை என்று சொல்வதற்காக. சுபாஷ் இறந்து அப்போது 22 வருஷம் ஆகியிருந்தது.